சிறுமியர் குழுவைத் தனியாக நடத்தும் தன்னார்வலர் எங்கே துணை தேடுவது?

கேள்வி – ஆறு மாதப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். 10 முதல் 14 வயது வரையுள்ள 18 சிறுமியர் வாரந்தோறும் ஒன்றரை மணி நேரம் கூடும் குழு ஒன்றை ஆறு மாதங்களாக நடத்தி வருகிறேன். ஆசிரியப் பயிற்சியோ பிள்ளைகளோடு பணியாற்றிய முன்னனுபவமோ எனக்கு இல்லை. என் மகள் சேர்ந்த சில வாரங்களிலேயே பழைய பொறுப்பாளர் விலக நேர்ந்ததால், குழு கலைந்துவிடக் கூடாதே என்ற ஒரே எண்ணத்தில் நானும் இன்னொரு தாயாரும் முன்வந்தோம். அவருக்கும் இப்போது வேலை நேரம் மாறிவிட்டது. இரண்டு மாதங்களாக நான் மட்டுமே பார்த்துக்கொள்கிறேன்.

என் தடுமாற்றத்தை ஒரு நாள் நடந்ததைக் கொண்டே சொல்லிவிடுகிறேன். அண்மையில் முடிச்சுகள் பற்றிய அமர்வுக்காக ஆறு முடிச்சுகளைப் பெரிய தாள்களில் வரைந்து, ஆளுக்கு ஒன்றாக 18 கயிறுகளைச் சம நீளத்தில் வெட்டி, முனைகள் பிரியாமலிருக்க நூல் சுற்றிக் கட்டி, இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவழித்தேன். இரண்டாவது முடிச்சை விளக்கிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்கள். வயதில் மூத்த மூன்று பேர், எப்போதும் போல, ஒரு மூலையில் ஒட்டி உட்கார்ந்து தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரிக்கத் தொடங்கினால் சிறியவர்கள் வாய் திறக்கவே தயங்குகிறார்கள். இன்னொரு சிறுமி, சேர்ந்த நாளிலிருந்து அநேகமாக ஒரு சொல்லும் பேசாதவள், பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே கதவருகில் நின்றிருந்தாள். எல்லோரும் கிளம்பிய பிறகு பார்த்தால், அவள் மட்டும் தரையில் கிடந்த கயிறுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றி, கடைசி முனையைச் சுற்றுக்குள் செருகி, வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் நன்றி சொன்னேன். தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளிடம் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பிள்ளைகள் மீது எனக்கு உண்மையான அக்கறை இருக்கிறது. ஆனால் வாரம் முழுவதும் தயாரித்து, அந்த ஒன்றரை மணி நேரம் முடிந்ததும் சோர்ந்து உட்காருவதே வழக்கமாகிவிட்டது. தயாரிப்புச் சுமையை எப்படிக் குறைப்பது, நம்பத்தக்க பாடப்பொருள்களும் பயிற்சிகளும் எங்கே கிடைக்கும், அந்த மூன்று மூத்த பிள்ளைகளை எப்படி அணுகுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். என்னைவிடத் தகுதியான ஒருவர் வரட்டும் என்று விலகிவிடுவதுதான் முறையென்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

முதல் மறுமொழி – பழைய அணித்தலைவி

வணக்கம், சகோதரி. சிறுமியாக ஒரு சாரணியர் அணியில் சேர்ந்து, பிறகு அணித்தலைவியாகி, இப்போது 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுப்பாளராக இருந்து வருபவள் நான். விலக வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இரவில் யோசிப்பவரைவிடத் தகுதியான ஒருவரை உங்கள் குழு எங்கே போய்த் தேடும்?

கயிறு வெட்டிய அந்த இரண்டு மாலைப் பொழுதுகளுக்கு வருகிறேன். கயிற்றை அளக்கவும் வெட்டவும் முனை கட்டவும் உங்களிடம் 18 பேர் இருந்தார்கள். அந்த வேலையே ஓர் அருமையான அமர்வாகியிருக்கும். நீங்கள் அதை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வந்துவிட்டதால், பிள்ளைகளுக்குக் கேட்பது ஒன்றுதான் மிஞ்சியது. நானும் முதல் இரண்டு ஆண்டுகள் இதையேதான் செய்தேன். அன்பின் மிகுதியால் நாம் அவர்களுடைய வேலையை எல்லாம் எடுத்துச் செய்துவிடுகிறோம்.

சிறுமியருக்கான சாரணியர் இயக்கம் தொடங்கிய விதத்தை நினைத்துப் பாருங்கள். 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சிறுவர்களுக்கான சாரணர் பேரணி நடந்தபோது, அழைக்கப்படாத சிறுமியர் சிலர் சாரணர் உடையில் வந்து நின்று, தங்களுக்கும் இடம் வேண்டும் என்று சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவலிடம் கேட்டார்கள். அதற்கு முன்பே பல ஊர்களில் சிறுமியர், சிறுவர்களுக்கென எழுதப்பட்ட கையேட்டைப் படித்துவிட்டுத் தாங்களாகவே அணி அமைத்துக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டு, 1910இல், அவருடைய சகோதரி ஆக்னஸ் பேடன் பவல் பொறுப்பேற்றுப் பெண்களுக்கான வழிகாட்டி இயக்கத்தை முறைப்படுத்தினார். ஆக, பெரியவர்கள் வந்து திரட்டுவதற்கு முன்பே பிள்ளைகள் திரண்டுவிட்டார்கள். பெரியவர்கள் பிறகுதான் வந்தார்கள். குழுவை நாம் தூக்கிச் சுமக்கிறோம் என்று தோன்றும்போதெல்லாம் நான் இந்த வரிசையை நினைத்துக்கொள்வேன்.

நடைமுறைக்கு வருவோம். 18 பேரை ஒரே கூட்டமாக வைத்துக்கொண்டு யாராலும் நடத்த முடியாது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறிய அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுமியைத் தலைவியாக்கி, வேலையை அணிகளிடமே விட்டுவிடுவதுதான் தொடக்க காலத்திலிருந்து இந்த இயக்கத்தின் அடித்தளம். உங்களுக்கு ஆறு பேர் வீதம் மூன்று அணிகள் அமையும். மூத்த பிள்ளைகள் மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் உங்கள் அணித்தலைவியர் ஏற்கெனவே வந்து மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் அவர்களைத் தண்டிப்பது போல ஒருநாள் திடீரென்று பிரித்து உட்கார வைத்துவிடாதீர்கள். 13, 14 வயதில் தோழமை என்பது மூச்சுக் காற்றைப் போன்றது; அதைப் பறிக்கும் பெரியவரை அவர்கள் மன்னிப்பதில்லை. அமர்வுக்கு முன் அரை மணி நேரம் அவர்கள் மூவரை மட்டும் வரச் சொல்லுங்கள். தனியாகச் சமாளிக்க முடியவில்லை, உங்கள் உதவி தேவைப்படுகிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அன்று நடக்கப்போவதை முதலில் அவர்களுக்குச் செய்து காட்டிக் கற்றுக்கொடுத்துவிட்டு, அணிக்கு அவர்களே கற்றுக்கொடுக்கட்டும். அந்த அரை மணி நேரம் வாரந்தோறும் தொடர வேண்டும். அதுதான் அணித்தலைவியர் கூட்டம். அவர்கள் சேர்ந்து சிரிக்கவும் பேசவும் உரிய இடமும் அதுவே. மூலையில் நடந்துகொண்டிருந்த பேச்சு, குழுவை நடத்தும் பேச்சாக மெல்ல மாறுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஒரே வாரத்தில் மாறாது. ஐந்தாறு வாரங்களாவது ஆகும்.

முடிச்சுகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்தது அது. ஆறு முடிச்சுகளை ஒரே நாளில் காட்டினால் ஒன்றும் கையில் தங்காது. ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு வேலையைக் கொடுங்கள். ரீஃப் முடிச்சை எடுத்துக்கொள்வோம். வலது முனையை இடது முனைக்கு மேல், பிறகு இடது முனையை வலது முனைக்கு மேல் என்று போட்டால் முடிச்சு தட்டையாகப் படிந்து நிற்கும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டால் கோணலாகத் திரும்பி, இழுக்க இழுக்க வழுக்கிவிடும். இதைத் தாளில் வரைந்து காட்டுவதைவிட, முக்கோணக் கட்டுத்துணியைக் கொடுத்து, தோழியின் கை அடிபட்டுவிட்டதாக வைத்துக்கொண்டு தொட்டில் போலக் கட்டித் தாங்கச் சொல்லுங்கள். கழுத்தருகே முடிச்சு தட்டையாக இருந்தால் உறுத்தாது, கோணலாக இருந்தால் உறுத்தும் என்பதைக் கட்டிக்கொண்டவளே சொல்லிவிடுவாள். கயிற்றோடு கயிற்றை இணைத்துப் பாரம் தூக்க அந்த முடிச்சை நம்பக் கூடாது என்பதையும் அதே நாளில் சொல்லிவிட வேண்டும். அடுத்த வாரம் ஒரு பெரிய தார்ப்பாய் விரிப்பைக் கொடுத்து, அணி முழுவதும் உட்காரும்படி நிழற்கூடாரம் கட்டச் சொன்னால், மற்ற முடிச்சுகளை அவர்களே வந்து கேட்பார்கள்.

ஒன்றரை மணி நேரத்தைப் பொறுத்தவரை என் வழக்கம் மிக எளியது. முதலில் வந்து சேருபவர்கள் மற்றவர்களுக்காகக் காத்து நிற்காமல் உடனே கை வைக்க ஏதாவது ஒன்று இருக்கும். பிறகு ஓடியாடும் விளையாட்டு, அதற்குப் பிறகு அன்றைய முக்கிய வேலை, கடைசியில் வட்டமாக உட்கார்ந்து பேசும் பத்து நிமிடம். நான் பேசுவது எந்தக் கட்டத்திலும் ஐந்து நிமிடத்தைத் தாண்டாது. நாள் முழுவதும் வகுப்பறையில் உட்கார்ந்துவிட்டு வருபவர்களுக்கு மீண்டும் ஒரு வகுப்பறை தேவையில்லை.

தகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்கச் சாரணியர் இயக்கத்தைத் தொடங்கிய ஜூலியட் கோர்டன் லோ 1912 மார்ச் 12 அன்று அமெரிக்காவின் சவானா நகரில் தம் முதல் குழுவைக் கூட்டியபோது அவருக்கு வயது 51. செவித்திறனைப் பெருமளவு இழந்திருந்தார். சொந்தப் பிள்ளைகளும் இல்லை. அன்று பதிவு செய்துகொண்ட சிறுமியர், உங்கள் குழுவைப் போலவே, 18 பேர்.

இரண்டாம் மறுமொழி – முதலுதவிப் பயிற்றுநர்

மேலே எழுதிய அம்மையார் சொன்னவற்றை மனமார ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் உங்கள் கேள்வியில் என்னை உடனே எழுதத் தூண்டியது ஒரே வாக்கியம்: இரண்டு மாதங்களாக நீங்கள் மட்டுமே பார்த்துக்கொள்கிறீர்கள் என்பது. மற்ற எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம், இதை இந்த வாரமே மாற்றுங்கள். பெரியவர்கள் இருவர் இல்லாமல் சிறுமியர் குழு கூடவே கூடாது. ஒரு பிள்ளைக்கு அடிபட்டு நீங்கள் அவளோடு போக நேர்ந்தால், மீதி 17 பேரோடு இருப்பது யார்? பிள்ளைகளின் பாதுகாப்பைப் போலவே உங்கள் மீது வீண்பழி விழாமல் இருப்பதற்கும் இரண்டாவது கண் தேவை. அமர்வு முடிந்து கடைசியாக ஒரு பிள்ளை மட்டும் அழைத்துச்செல்ல ஆள் வராமல் காத்திருக்கும் நேரத்துக்கும் இது பொருந்தும்.

யாராவது உதவிக்கு வர முடியுமா என்று பெற்றோர் அனைவரிடமும் பொதுவாகக் கேட்டால், வேறு யாரோ வருவார்கள் என்று எல்லோரும் பேசாமல் இருந்துவிடுவார்கள். தனித்தனியாக அழைத்து, இன்ன தேதியில், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை, வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது மட்டுமே உங்கள் வேலை என்று கேளுங்கள். 18 குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் மூன்று முறைக்கு மேல் வராது. அப்படி வருபவர்களில் ஒருவரோ இருவரோ நாளடைவில் நிலையான துணையாகிவிடுவார்கள். உங்கள் குழு ஓர் அமைப்பின் கீழ் இயங்கினால், துணைக்கு வருபவர்களுக்கும் அந்த அமைப்பும் சட்டமும் கோரும் பின்னணிச் சரிபார்ப்பை முடித்த பிறகே பிள்ளைகளோடு இருக்க விட வேண்டும். பெற்றோர்தானே என்ற விதிவிலக்கு வேண்டாம்.

அடுத்ததாக, பல புதிய பொறுப்பாளர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லித் தராத ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் உங்களை நம்பத் தொடங்கிய பிறகு, என்றாவது ஒருநாள், பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போதோ கூடாரத் துணியை மடித்துக்கொண்டிருக்கும்போதோ, ஒரு சிறுமி தனக்கு நேர்ந்த கொடுமையொன்றைத் தாழ்ந்த குரலில் சொல்லக்கூடும். பெரும்பாலும் யாரிடமும் சொல்லக் கூடாது என்ற வேண்டுகோளோடுதான் அந்தப் பேச்சு தொடங்கும். அந்த வாக்குறுதியைக் கொடுத்துவிடாதீர்கள். உன் பாதுகாப்புக்காக இதை உதவக்கூடியவர்களிடம் நான் சொல்லியாக வேண்டும், அவர்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். இடையிட்டுத் துருவிக் கேட்காமல், அவள் சொல்லும் அளவுக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இப்படிச் செய்தாரா என்று விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்பது பின்னர் விசாரணைக்கே இடையூறாகும். சொன்னது நல்லது, இதில் உன் தவறு எதுவும் இல்லை என்பதை அவள் காதில் விழும்படி சொல்லுங்கள். அன்றைக்கே, அவள் பயன்படுத்திய சொற்களிலேயே, நாளும் நேரமும் குறித்து எழுதிவைத்து, உங்கள் அமைப்பில் பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் ஒப்படையுங்கள். உடனடி ஆபத்து இருந்தால் காவல் துறையையோ குழந்தைகள் உதவி எண்ணையோ அழைக்கத் தாமதிக்க வேண்டாம். குற்றம் சாட்டப்படுபவரிடம் நீங்களே போய் விசாரிப்பது எந்த நிலையிலும் கூடாது. நான் புதியவளாக இருந்தபோது என்னிடம் ஒரு பிள்ளை இப்படி வந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு நாள் தாமதித்துவிட்டேன். அந்த இரண்டு நாட்களும் இன்னும் என் மனத்தில் இருப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் குழுவின் வயதில் பல பிள்ளைகளுக்கு முதல் மாதவிடாய் வருவது குழுவிலோ முகாமிலோ நேரலாம். மாதவிடாய்க்காலத் துணிகள், மாற்று உள்ளாடை, தாள் பைகள் ஆகியவற்றை ஒரு சிறு பெட்டியில் கழிப்பறைக்குள்ளேயே வைத்துவிட்டு, அது அங்கே இருக்கிறது, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். கேட்டு வாங்க வேண்டிய நிலையில் வைத்தால், கூச்சமுள்ள பிள்ளை கேட்கவே மாட்டாள்.

பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் படம் எடுத்து எங்கும் பகிர வேண்டாம். கைப்பேசியில் ஒரு சிறுமியோடு தனியாகச் செய்தி பரிமாற வேண்டாம். முதலுதவியை நேரில் கற்றுக்கொள்ளுங்கள்; செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் இந்தப் பயிற்சியை நடத்துகின்றன.

மூன்றாம் மறுமொழி – நூலகப் பணியாளர்

பாடப்பொருள்கள் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் அதை எழுதுகிறேன். அதற்கு முன் முதல் மறுமொழியோடு எனக்குள்ள ஒரு கருத்து வேறுபாட்டைப் பணிவோடு பதிவு செய்ய விரும்புகிறேன். மூத்தவர்கள் மூவர் இருக்கிறார்கள் என்பதற்காக அவர்களையே நிரந்தரத் தலைவியராக்குவது எனக்கு உடன்பாடில்லை. பேச்சுத் திறமையும் துணிச்சலும் உள்ளவர்களே எப்போதும் முன்னிற்கிறார்கள். தேர்தல் வைத்தாலும் அவர்களே வெல்கிறார்கள். எங்கள் குழுவில் தலைமை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். தலைவியைத் தவிர ஒவ்வோர் அணியிலும் கணக்கு எழுதுபவள், பொருள்களைக் காப்பவள், விளையாட்டைத் தேர்ந்தெடுப்பவள் என்று ஆளுக்கொரு பொறுப்பு இருக்கும். கயிறுகளைச் சுற்றி அடுக்கிய அந்தச் சிறுமி எந்தப் பொறுப்புக்கு உரியவள் என்பதை உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பேச வேண்டும் என்ற கட்டாயத்தை அவள் மீது ஏற்றாமல், குழு அவளை நம்பியிருக்கிறது என்பதை அவள் உணரும்படி செய்யலாம்.

இனிப் பாடப்பொருள்கள். 1928இல் ஹங்கேரியில் நிறுவப்பட்ட உலகப் பெண் வழிகாட்டிகள் மற்றும் பெண் சாரணியர் சங்கம் இன்று 150க்கும் மேற்பட்ட நாடுகளில் உறுப்பு அமைப்புகளைக் கொண்டுள்ளது. உடல் தோற்றம் குறித்த தாழ்வு மனப்பான்மையை எதிர்கொள்ள உதவும் ஃப்ரீ பீயிங் மீ, இணையப் பாதுகாப்புக்கான சர்ஃப் ஸ்மார்ட், ஐ.நா. பெண்கள் அமைப்போடு இணைந்து உருவாக்கிய வன்முறைக்கு எதிரான குரல்கள் ஆகியவை அந்தச் சங்கம் பொறுப்பாளர்களுக்காக வெளியிட்ட செயல்திட்டங்கள். வன்முறை பற்றிய திட்டத்தை மட்டும், இரண்டாம் மறுமொழியில் சொல்லப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடுகள் உறுதியான பிறகே தொடங்குங்கள். அந்தப் பேச்சு சில பிள்ளைகளின் வாயைத் திறக்கவைக்கும். கேட்பதற்கு நாம் தயாராக இருக்க வேண்டும்.

ஆண்டின் சில நாட்கள் நமக்காகவே ஆயத்தமாகக் காத்திருக்கின்றன. பேடன் பவல், அவருடைய மனைவி ஓலேவ் ஆகிய இருவரின் பிறந்த நாளும் பிப்ரவரி 22 என்பதால், 1926இல் அமெரிக்காவில் கூடிய சாரணியர் உலக மாநாடு அந்த நாளைச் சிந்தனை நாளாக அறிவித்தது. ஒவ்வோர் ஆண்டும் அதற்கென ஒரு கருப்பொருளும் செயல்பாட்டுத் தொகுப்பும் வெளியாகின்றன; ஒரு மாதத்துக்கான அமர்வுகளை அதிலிருந்தே அமைத்துக்கொள்ளலாம். ஐ.நா. அறிவித்து 2012 முதல் கடைப்பிடிக்கப்படும் அக்டோபர் 11, பெண் குழந்தைகளுக்கான பன்னாட்டு நாள். அதற்கும் யூனிசெஃப் போன்ற அமைப்புகளிடம் பொருள்கள் கிடைக்கும்.

எந்தத் தொகுப்பை எடுத்தாலும் முழுவதையும் நடத்த முயலாதீர்கள். நான்கைந்து செயல்பாடுகளின் பெயரையும் ஒரு வரி விளக்கத்தையும் அட்டைகளில் எழுதி, அணிகளிடம் கொடுத்து, எது வேண்டும் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தங்களைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அக்கருத்துக்கு உரிய மதிப்புப் பெறவும் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்று 1989இல் ஏற்கப்பட்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது உறுப்பு கூறுகிறது. அந்த உரிமை ஒரு பிள்ளையின் கையில் அட்டையாகவும் வாக்காகவும் வந்து சேரும் இடங்களில் நம் குழுவும் ஒன்று. இதே பொருளில் குழந்தைகளின் பங்கேற்பை ஆராய்ந்த ரோஜர் ஹார்ட் 1992இல் யூனிசெஃபுக்காக எழுதிய சிறு நூலில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டியிருக்கிறார். அடியிலுள்ள மூன்று படிகளிலும் பிள்ளைகள் மேடையில் நிற்பார்கள், ஆனால் முடிவெடுப்பதில் அவர்களுக்குப் பங்கே இருக்காது. ஒவ்வொரு விழாவுக்குப் பின்பும் நாம் எந்தப் படியில் நின்றோம் என்று எங்கள் பொறுப்பாளர்கள் கூடிப் பேசுவதுண்டு. சில சமயம் மிகவும் கீழேதான் நின்றிருக்கிறோம்.

நான்காம் மறுமொழி – கதவருகில் நின்றவள்

நான் பொறுப்பாளர் அல்லள். கேள்வியைப் படித்ததும் எழுதாமல் போக மனம் வரவில்லை. 11 வயதில் நானும் பையை இறக்காமல் கதவருகில் நின்றவள்தான். பேசு, பேசு என்று எல்லோரும் சொன்ன காலம் அது. எங்கள் பொறுப்பாளர் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. ஒவ்வொரு வாரமும் வருகைப் பதிவின்போது என் பெயரை அழைத்துவிட்டு, நான் கையை உயர்த்தும் வரை காத்திருந்து, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். அவ்வளவுதான் அவர் செய்தது. அந்தச் சிரிப்புக்காகவே நான் ஒரு வாரமும் தவறாமல் போனேன். உங்கள் குழுவிலுள்ள அந்தச் சிறுமி, எல்லோரும் போன பிறகும் நின்று கயிறு சுற்றியிருக்கிறாள். பிடிக்காத இடத்தில் யாரும் கடைசி வரை நிற்பதில்லை, அம்மா. நீங்கள் சொன்ன நன்றியை அவள் வீடு வரை எடுத்துச் சென்றிருப்பாள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி – ஏழு வாரங்களுக்குப் பிறகு

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டாம் மறுமொழியைப் படித்த அன்றே பெற்றோரைத் தனித்தனியாக அழைத்தேன். பதினொரு பேர் தேதி கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் சரிபார்ப்பு முடிந்து நிலையாகவே சேர்ந்துவிட்டார். அந்தச் சரிபார்ப்பு முடியும் வரை இரண்டு வாரம் குழுவைக் கூட்டவில்லை. பிள்ளைகள் ஏமாற்றமடைந்தார்கள் என்றாலும் அது சரியான முடிவு என்றே நம்புகிறேன்.

மூத்த மூவரையும் அரை மணி முன்னதாக வரச் சொன்னபோது முதல் வாரம் இருவர் மட்டுமே வந்தார்கள்; வந்தவர்களும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஒருத்தி தன் அணியிலுள்ள சிறியவள் ஒருத்திக்கு ரீஃப் முடிச்சு வரவில்லை என்று வருத்தப்பட்டு, இரண்டு நிறக் கயிறுகளைத் தந்தால் எந்த முனை எது என்று காட்ட எளிதாக இருக்கும் என்றாள். எனக்குத் தோன்றாத யோசனை அது. தலைமையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாமா என்று அவர்களிடமே கேட்டேன். நீண்ட விவாதத்துக்குப் பிறகு நான்கு மாதம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னபடியே விட்டுவிட்டேன். மூலையில் சிரிப்பு இன்னும் முழுவதும் நின்றுவிடவில்லை. ஆனால் கூட்டம் தொடங்கினால் தங்கள் அணிக்கு எழுந்து போகிறார்கள்.

கயிறு சுற்றிய சிறுமியிடம் பொருள் பெட்டியின் சாவியைக் கொடுத்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டியிலுள்ள ஒவ்வொரு பொருளையும் எண்ணி, ஒரு குறிப்பேட்டில் கோடு போட்டு எழுதிவைத்திருக்கிறாள். போன வாரம் கூடாரம் கட்டும் வேலை முடிந்து பொருள்களைத் திரும்பப் பெறும்போது, மூத்த பிள்ளைகளில் ஒருத்தியின் முன் போய் நின்று, "இன்னும் ஒரு கயிறு வர வேண்டும்" என்றாள். கயிறு அந்தப் பிள்ளையின் இடுப்பிலேயே கட்டப்பட்டிருந்தது. அவிழ்த்துக் கொடுத்தாள், இருவரும் சிரித்துவிட்டார்கள்.

இப்போது ஓர் இரவு முகாம் போக வேண்டும் என்று மூன்று அணிகளும் சேர்ந்து தீர்மானித்திருக்கின்றன. முதல் முகாமுக்கு எத்தனை பெரியவர்கள் வேண்டும், பெற்றோரிடம் எவ்வளவு நாள் முன்னதாகப் பேசத் தொடங்க வேண்டும் என்று, இதை நடத்திய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.